இணைப்பும் பராமரிப்பும்: மலைநாட்டுப் பள்ளிகளின் கணினி வலைகள்

ஒரு கருவியை நிறுவுதல் ஒரு நாள் வேலை. அதைப் பயன்படும் நிலையில் வைத்திருத்தல் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை. நீரிறைக்கும் பம்பாயினும், மழைமானியாயினும், பள்ளிக்கூடத்துக் கணினியாயினும் இதற்கு விலக்கில்லை. களப் பணியாளர்கள் இதனை அனுபவத்தால் நன்கு அறிவர். ஆயினும் பொதுப் பள்ளிகளின் இணைய வசதியைப் பற்றிப் பேசும்போது, எத்தனை பள்ளிகளுக்கு இணைப்புக் கொடுக்கப்பட்டது என்பதே கணக்கிடப்படுகிறது. அவ்விணைப்பு எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்தது என்பது கணக்கில் வருவதில்லை. இக்குறை எங்கும் உண்டெனினும், மலைநாட்டில் அதன் விளைவு கடுமையானது.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலே, குமுளிக்கு வடக்கே, ஏலமலைகளின் நடுவில் அமைந்தது சக்குபள்ளம் ஊராட்சி. அணக்கரை இதன் முக்கியமான ஊர். கிழக்கே மலையிறங்கினால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. ஏலத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களிற் பல தமிழ் பேசுவன. இம்மாவட்டத்திற்கு இணைய வரலாற்றில் ஒரு சிறப்பு உண்டு. மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஏற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயரிட்ட தேசியக் கண்ணாடி இழை வலைத் திட்டத்தின் கீழ், நாட்டிலேயே முதன்முதலாக இணைக்கப்பட்ட மாவட்டம் என்று 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது இடுக்கியே ஆகும்.

மாநில அரசின் முயற்சியும் குறைந்ததன்று. பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் பணி இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கப்பட்டு, 2017-இல் 'கைட்' என்னும் தனி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2018 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தின்படி எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 அறைகள் நவீன வகுப்பறைகளாக்கப்பட்டன. 2022-இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் இணைய வேகத்தை வினாடிக்கு 8 மெகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டாக உயர்த்த ஏற்பாடு செய்யப்பட்டது. 2023 ஜூனில் மாநிலத்தின் சொந்தக் கண்ணாடி இழை வலையாகிய 'கே-ஃபோன்' தொடங்கி வைக்கப்பட்டது. இணையத்தைப் பெறும் உரிமை கல்வியுரிமையின் ஒரு பகுதியே என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இந்திய நாடு முழுவதையும் நோக்கினால், 2024-25-ஆம் கல்வியாண்டின் அரசுக் கணக்கின்படி நூற்றுக்கு 63.5 பள்ளிகளிலேயே இணைய வசதி உண்டு. எனவே கேரளம் முன்னணியில் நிற்கும் மாநிலம் என்பதில் ஐயமில்லை. அத்தகைய மாநிலத்திலும் மலைப் பள்ளிகளில் இணைப்பு அறுபடுகிறதெனில், குறை திட்டத்தின் அளவில் மட்டும் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

முதற் காரணம் இயற்கை. ஏலச்செடிக்கு நிழல் இன்றியமையாதது. ஆகவே தோட்டமெங்கும் பெருமரங்கள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில், பள்ளிகள் திறக்கும் அதே சமயத்தில் வீசத் தொடங்குகிறது. கிளைகள் முறிந்து மின்கம்பிகளின்மேலும், அவற்றோடு கம்பங்களில் கட்டப்பட்ட இழைகளின்மேலும் விழுகின்றன. நிலச்சரிவு நேரும் இடங்களில் மண்ணில் புதைத்த கேபிளும் தப்புவதில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இம்மாவட்டம் பட்ட பாடு எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இரண்டாவது காரணம் மின்னல். கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் இழையின் முனையிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் கட்டடத்தின் கம்பி வழியாகவே வருகிறது. அங்கிருந்து கணினிகளுக்குச் செல்லும் கம்பிகளோ செம்பினால் ஆனவை. கட்டடத்தின் எர்த் இணைப்புச் சரியாக இல்லையெனில், எங்கோ விழுந்த மின்னலும் பெட்டியைக் கெடுத்துவிடும். சில ஆயிரம் ரூபாய் பெறும் பெட்டி கெட்டதனால், பல லட்சம் பெறும் கணினிக் கூடம் வாரக்கணக்கில் இணையமின்றி நிற்பது பொருளாதார நியதிக்கே ஒவ்வாதது.

மூன்றாவது காரணம் பணம், இதுவே முதன்மையானது. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்திற்கு ஒரு முறை ரூ. 6.40 லட்சம் வரையிலும், அதன்பின் ஆண்டுதோறும் ரூ. 2.40 லட்சம் வரையிலும் ஐந்தாண்டுகளுக்கு உதவி கிடைக்க விதியுண்டு. கேரளத்தில் 2018 முதல் அளிக்கப்பட்ட சாதனங்களுக்கும் ஐந்தாண்டு உத்தரவாதமே பெறப்பட்டது. கருவிகள் புதியனவாக இருக்கும் ஐந்தாண்டுகளில் பணமும் உத்தரவாதமும் துணை நிற்கின்றன. அவை பழையனவாகிப் பழுது மிகும் ஆறாம் ஆண்டிலே இரண்டும் விலகிவிடுகின்றன. தேவை வளரும் காலத்தில் உதவி முடிவடைகிறது. இம்முறையை மாற்றாமல் வேகத்தை மட்டும் உயர்த்துவது, சுவர் விரிந்த தொட்டிக்கு அகலமான குழாய் பொருத்துவதை ஒக்கும்.

இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவர் யாவர்? 100 மெகாபிட் ஏற்பாடு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கானது. மத்திய அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அளித்த அகலப்பட்டை வாக்குறுதியும் கிராமப்புற அரசு இடைநிலைப் பள்ளிகளைப் பற்றியதே. தோட்டத் தொழிலாளரின் குழந்தைகள் முதலில் சேரும் தொடக்கப் பள்ளிகள் இரண்டிலும் பின்தங்கிவிடுகின்றன. மேலும், மலையாள வழியில் கற்கும் பிள்ளைக்கு ஊர் நூலகத்திலும் கடையிலும் துணைநூல்கள் கிடைக்கின்றன. தமிழ் வழியில் கற்கும் பிள்ளைக்குப் பாடநூலை விட்டால் இணையத்தில் வரும் பாடங்களே பெரும்பாலும் கதி. 2020 ஜூனில் தொற்றுநோயினால் பள்ளிகள் அடைபட்டு, 'விக்டர்ஸ்' ஒளிபரப்பின் மூலம் பாடங்கள் தொடங்கியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. ஆகவே இணைப்பு அறுபடும் ஒரு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவான நஷ்டம் அன்று.

ஆசிரியர் கையில் கைப்பேசி இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பர். மலைமடிப்புகளில் அலைக்கோபுரத்தின் வீச்சு மறைக்கப்படுகிறது என்பது ஒருபுறமிருக்க, அரசு செய்ய வேண்டிய செலவை ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் செய்வது நிரந்தர ஏற்பாடாக முடியாது. இதே ஏலமலையில், புற்றடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் கணினி வழியாகவே நடைபெறுகிறது. அங்கே ஒரு மணி நேரம் இணைப்பு நின்றால் நஷ்டம் அன்றைக்கே ரூபாயில் தெரியும். அதனைத் தாமதமின்றிச் சரிசெய்யுமாறு பலரும் வற்புறுத்துவர். வகுப்பறையில் நின்றால் நஷ்டம் பத்தாண்டு கழித்தே தெரியும்; அப்பொழுது கேட்பாரில்லை.

பரிகாரம் யாது? பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கன சில உள. முதலாவது, பள்ளியின் உள்வலை வேறு, வெளி இணையம் வேறு என்பதை உணர வேண்டும். ஒரு கணினியில் பாடங்களையும் படங்களையும் முன்கூட்டியே சேர்த்துவைத்து, மற்றக் கணினிகளை அதனுடன் இணைத்தால், மரம் விழுந்து வெளியிணைப்பு அறுந்த நாளிலும் வகுப்பு நடைபெறும். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதால் இதற்கு உரிமக் கட்டணமும் இல்லை. தமிழ்ப் பாடங்களை முதலிற் சேர்ப்பது நலம்.

இரண்டாவது, மின்தடைக்கு மாற்று. இழைப் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 15 வாட் மின்சாரமே உட்கொள்ளும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரி ஒன்று, விரயம் போகச் சுமார் நான்கு மணி நேரம் அவற்றை நடத்தும். இதனோடு எர்த் இணைப்பை ஆண்டுக்கொருமுறை, மழைக்கு முன், சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, பதிவேடு. இணைப்பு நின்ற தேதி, நேரம், காரணம், சரியான நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பள்ளியும் குறித்துவர வேண்டும். பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்குச் சிவந்தால் ஒளி வரவில்லை, இழை அறுந்தது எனலாம். விளக்குகள் யாவும் அணைந்திருந்தால் மின்சாரத்தையோ பெட்டியையோ நோக்க வேண்டும். இவ்வளவை 'லிட்டில் கைட்ஸ்' குழுவின் மாணவர்களே கண்டறிய இயலும். ஆண்டுக்கு 200 நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி எனக் கொண்டால் பள்ளி நேரம் 1,000 மணி. அதில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலும் 50 மணி, அதாவது பத்துப் பள்ளி நாட்கள். இத்தகைய கணக்குடன் எழுதப்படும் விண்ணப்பத்தை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நான்காவது, அரசுகள் செய்ய வேண்டியது. பராமரிப்புத் தொகையை ஐந்தாண்டோடு நிறுத்தாமல், கூடம் உள்ளவரை தொடர வேண்டும். அதில் ஒரு சிறு பகுதியை முன் அனுமதியின்றிச் செலவிடும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இருத்தல் வேண்டும். திட்டத்தின் வெற்றியை இணைப்புகளின் எண்ணிக்கையால் அளவிடுவதை விடுத்து, இயங்கிய மணிகளால் அளவிட வேண்டும்.

நாட்டில் முதலாவதாக இழை பெற்ற மாவட்டம் என்னும் பெருமை இடுக்கிக்கு 2015-இலேயே கிடைத்துவிட்டது. இழை அறுந்தால் அன்றைக்கே சீர்செய்யும் முதல் மாவட்டம் என்னும் பெருமை இன்னும் எவராலும் கோரப்படாமல் இருக்கிறது. சக்குபள்ளத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படப்போவது அதுவே.