பழைய மஸ்டாங் வாங்கப் போறீங்களா? முதல் செலவு என்ஜினுக்கு இல்லை

நீண்ட த்ரெட். பொறுமையா படிங்க. கார் பதிவு மாதிரி தெரியும், ஆனா பாதிக்கு மேல மருத்துவம்தான்.

அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஆட்கள் நிறைய பேர், பிள்ளைங்க காலேஜ் முடிச்சு, வீட்டுக் கடன் அடைஞ்ச பிறகு ஒரு ஆசைக்கு வந்து நிக்கிறாங்க. 60களின் மஸ்டாங், கமாரோ, செவெல், சார்ஜர். டெட்ராய்ட் பக்கம் ஆகஸ்ட் மாசம் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் பார்த்தவங்களுக்கு இந்த ஆசை எப்படிப் பிடிக்கும்னு தெரியும். அந்த வி8 சத்தம் காதுல கேட்கிறதுக்கு முன்னாடி நெஞ்சுல கேட்கும். ஆசைப்படறது தப்பே இல்லை. வாங்குங்க. ஆனா எதை வாங்கறோம், வாங்கின பிறகு முதல் ஆயிரம் டாலரை எதுல போடறோம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு.

முதலில் கொஞ்சம் வரலாறு, சுருக்கமா. 1964இல் போன்டியாக் கம்பெனியில் ஜான் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். நடுத்தர அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி. இவர்கள் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல என்ஜினைத் தூக்கி வைத்து, அதைத் தனி மாடல் என்று சொல்லாமல் 'ஆப்ஷன்' என்று விற்றார்கள். அதுதான் ஜிடிஓ. அதே ஏப்ரலில் மஸ்டாங் வந்தது, இரண்டே வருடத்துக்குள் பத்து லட்சம் வண்டி. அடுத்த ஆறேழு வருடம் எல்லா கம்பெனியும் போட்டி போட்டுக் குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1970 செவெல் எஸ்எஸ் 454இல் 450 குதிரைத்திறன்!

பிரேக்? பெரும்பாலான வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் ஸ்டாண்டர்ட். முன் டிஸ்க் வேணும்னா தனிக்காசு.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. ஓடறதுக்கு 1970, நிக்கறதுக்கு 1950.

"டாக்டர், அந்தக் காலத்து வண்டி எல்லாம் கெட்டி இரும்பு, டாங்கி மாதிரி. இப்ப வர்றது எல்லாம் பிளாஸ்டிக்." இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. 2009இல் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தன் ஐம்பதாவது ஆண்டுக்கு ஒரு சோதனை நடத்தியது. 1959 செவ்ரோலே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 செவ்ரோலே மாலிபு எதிர்ப்பக்கம். இரண்டும் 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர். வீடியோ இணையத்தில் இருக்கு, பாருங்க. பெல் ஏரின் டிரைவர் அறையே நசுங்கி, ஸ்டியரிங் பொம்மையின் மேல வந்து ஏறுது. மனுஷனா இருந்தா பிழைச்சிருக்க மாட்டான். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் காயம். அவ்வளவுதான்.

பெல் ஏர் மஸில் கார் இல்லை, சரி. ஆனா டாங்கி வாதத்துக்கு அது போதும். மோதலில் ஏதோ ஒன்று நசுங்கியே ஆகணும். முன்பக்கத் தகடு நசுங்கி வேகத்தை வாங்கிக்கலைன்னா, மிச்ச வேகத்தை வாங்கறது உங்க விலா எலும்பும் அதுக்குப் பின்னாடி இருக்கிற மகாதமனியும்தான்.

அந்தக் கால வண்டிகளின் ஸ்டியரிங் தண்டு மடங்காத நீள இரும்பு. முன்பக்கம் அடிபட்டா அது பின்னால தள்ளிக்கிட்டு வந்து நெஞ்சைத் தாக்கும். மார்பெலும்பு முறிவு, இதயத்தில் இரத்தக் கட்டு, மகாதமனி கிழிதல். இதில் கடைசியா சொன்னது நடந்தா பெரும்பாலானவங்க ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கறதில்லை. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகம் கிளப்பிய சூட்டில் 1966இல் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அடி பட்டால் மடங்கும் ஸ்டியரிங், முன் சீட்டுக்குத் தோள் பெல்ட், இரட்டை பிரேக் சர்க்யூட். 1969 ஜனவரியில் தலைத்தாங்கி. அந்த 1966இல் அமெரிக்காவில் பத்து கோடி மைல் ஓட்டத்துக்கு 5 பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அது ஒன்றரைக்கும் கீழே.

இரட்டை பிரேக் சர்க்யூட்டை ஒரு வரியில் தாண்டிட்டேன், ஆனா அது முக்கியம். 65, 66 மஸ்டாங்கில் ஒரே சர்க்யூட். ஏதாவது ஒரு சக்கரத்தில் குழாய் கசிஞ்சாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். நமக்குச் சிறுநீரகம் இரண்டு இருக்கிற காரணம் புரியுதா? 67இல் இருந்துதான் இரண்டு பாகமா பிரிச்சாங்க. அதனால என் கருத்து: ஓட்டறதுக்குன்னு வாங்கறவங்க 1968க்குப் பிந்தைய வண்டி பாருங்க. அழகுக்காக 65தான் வேணும்னா, இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க் பிரேக்கும் மாத்தாம முதல் நாள்கூட ரோட்டுல இறக்காதீங்க.

இனி பெல்ட். இங்கதான் நான் கொஞ்சம் கோபப்படுவேன்.

பல வண்டிகளில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். "பெல்ட் இருக்குல்ல டாக்டர்" என்பார்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டு மோதினா உடம்பு இரண்டாக மடியும். பெல்ட் வயிற்றுக்கு ஏறி முதுகெலும்போட சேர்த்துக் குடலை நசுக்கும். சிறுகுடல் கிழியும், குடலைத் தாங்குற ஜவ்வு கிழியும், இடுப்பு முதுகெலும்பு குறுக்காகப் பிளக்கும். இந்த முறிவுக்குப் பேர் சான்ஸ் முறிவு. 'அதிர்ஷ்டம்'ங்கற அர்த்தத்தில் இல்லை, 1948இல் அதை விவரிச்ச டாக்டர் பேரே சான்ஸ். வயிற்றில் பெல்ட் அளவுக்கு ஒரு நீலக்கோடு இருந்தா எமர்ஜென்சியில் நாங்க அந்த ஆளை லேசில் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். முதல் ஸ்கேன் சரியா இருந்தாலும் சரி.

மூன்று முனை பெல்ட்டை வோல்வோவின் நில்ஸ் போலின் 1959இலேயே கொண்டுவந்துட்டார். இன்றைக்கு உங்க மாடலுக்கு ஏற்ற கிட் சில நூறு டாலருக்குக் கிடைக்குது. ஆனா போல்ட்டை வெறும் தகட்டில் முறுக்கிட்டுப் போகக் கூடாது. பலமான இடத்தில், அடியில் தடித்த பிளேட் வச்சு, தெரிஞ்ச மெக்கானிக் போடணும். பழைய பெல்ட் நாடா ஐம்பது வருட வெயிலில் இத்துப் போயிருக்கும், அதை நம்பாதீங்க.

உடனே ஒரு கூட்டம் வரும். "ஒரிஜினாலிட்டி போயிடும், மதிப்பு குறையும்." இதுக்கு என் பதில். அதிகமா விற்ற சாதாரண 289 மஸ்டாங்கில் பெல்ட் போட்டதால மதிப்பு ஒண்ணும் குறையப் போறதில்லை. கழற்றின பாகங்களை டப்பாவில் போட்டு வைங்க, அடுத்தவர் விரும்பினா மாட்டிக்கட்டும். 1971 ஹெமி 'குடா கன்வெர்ட்டிபிள் மாதிரி மொத்தமே 11 செய்த வண்டி வேற கதை, 2014இல் ஒண்ணு 35 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அதை வாங்கறவர் இந்தப் பதிவைப் படிக்கப் போறதில்லை. ரோட்டில் ஓட்டப் போறதும் இல்லை.

குழந்தைகள். பேரன் பேத்தியைப் பின்சீட்டில் வச்சு ஐஸ்க்ரீம் வாங்கப் போறதுதான் எல்லாரோட கனவும். பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேணும். இடுப்பு பெல்ட்டில் பூஸ்டர் போடக் கூடாது. 64லிருந்து 70 வரைக்குமான மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்க்கின் மேல்மூடியேதான் டிக்கியின் தரை. பின்னாலிருந்து ஒருத்தன் இடிச்சா, குழந்தைக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல இருக்கறது மெல்லிசான சீட் முதுகு மட்டும். பக்கத்துத் தெரு வரைக்கும்தானே என்று சொல்லாதீங்க. என் வீட்டுக் குழந்தையை நான் ஏத்த மாட்டேன்.

சரி, இப்ப வாங்கற கதை. இது எங்க தொழில் மாதிரியேதான். முதலில் ஹிஸ்டரி, அப்புறம் எக்ஸாமினேஷன். பளபளப்பு கடைசி.

ஹிஸ்டரின்னா வின் நம்பர். ஃபோர்டிலும் கிறைஸ்லர் வண்டிகளிலும் அந்தக் கால வின்னில் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும். 1970 'குடாவில் அங்கே 'ஆர்' இருந்தா ஹெமி. 67க்குப் பிந்தைய ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் வாங்கினா ஃபேக்டரியில் என்ன போட்டார்கள் என்று முழுசா வரும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில்தான் சிக்கல். 69 கமாரோவின் வின் வி8 என்று மட்டும் சொல்லும், எஸ்எஸ்ஸா இசட்/28ஆ என்று சொல்லாது. 69, 70 செவெலிலும் எஸ்எஸ் வெறும் ஆப்ஷன். 64, 65 ஜிடிஓவும் அப்படியே. ஒரு சாதாரண வண்டியில் எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டிப் பெரிய என்ஜின் வச்சா வின் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காகிதம் இல்லாத எஸ்எஸ்ஸுக்கு எஸ்எஸ் விலை தராதீங்க. போன்டியாக்குக்கு ஃபேக்டரி பில்லிங் ஆவணங்களை எடுத்துத் தர பிஹெச்எஸ் என்ற நிறுவனம் இருக்கு.

எக்ஸாமினேஷன்னா துரு. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டறாங்க, அரிசோனா வண்டிக்கு மவுசு அதனாலதான். ஒரு காந்தத்தைத் துணியில் சுத்திப் பின் சக்கரத்துக்கு மேல வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா உள்ளே பட்டி. மஸ்டாங்குக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தரையும் அதன் ஓரப் பெட்டிகளும்தான் எலும்பு. அங்கே துரு அரிச்சிருந்தா மேல எத்தனை கோட் பெயின்ட் அடிச்சாலும் பிரயோஜனம் இல்லை. டயர் பூ நல்லாத்தான் இருக்கும். பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்க, வாரமும் வருடமும். மூணு எண்தான் இருக்குன்னா அது 2000க்கு முந்தின டயர். இன்ஷூரன்ஸில் 'அக்ரீட் வேல்யூ' என்று எழுத்தில் வாங்குங்க, சாதாரண பாலிசி தேய்மானம் கழிச்சுத்தான் கொடுக்கும்.

வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. கராஜில் இரண்டு ஆபத்து.

ஒண்ணு ஆஸ்பெஸ்டாஸ். பழைய பிரேக் லைனிங்கில் அது உண்டு. பெட்டி பிரிக்காத அந்தக் காலத்து ஸ்டாக் கிடைச்சதுன்னு பெருமையா மாட்டாதீங்க. டிரம்மைக் கழற்றிக் காற்று அடிச்சுத் தூசியை ஊதாதீங்க. நுரையீரல் உறையில் வர்ற மீசோதீலியோமா புற்றுநோய் இருபது முதல் ஐம்பது வருடம் கழிச்சுக்கூட வரும். பழைய பெயின்டைத் தேய்ச்சாலும் ஈயத்தூசி, பிள்ளைங்க பக்கத்தில் வேண்டாம்.

இன்னொண்ணு கார்பன் மோனாக்சைடு. இதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்ததே 1975 மாடலில்தான். அதுக்கு முந்தின கார்புரேட்டர் வண்டியின் புகையில் இந்த வாயு பல மடங்கு. ஜனவரி குளிரில், பாட்டரி செத்துடும்னு கராஜுக்குள்ளேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பாங்க. ஷட்டரைத் திறந்து வச்சாலும் போதாது, வாயு வீட்டுக்குள்ள வரும். காய்ச்சல் இல்லாம வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் முதலில் வெளியே ஓடுங்க, அப்புறம் 911. விரலில் மாட்டற ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்துடாதீங்க. மோனாக்சைடு ஏறின ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன்னே எண்ணி 98, 99 காட்டும். ஆஸ்பத்திரியில் இரத்தத்தை எடுத்துத் தனியா பார்க்கணும், அதனால "வீட்டில் பழைய கார் இருக்கு, ஸ்டார்ட் பண்ணினோம்" என்று டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க.

அலாரம் முப்பது டாலர் ஆகும். ஒண்ணை கராஜை ஒட்டின அறையிலும் இன்னொண்ணைப் படுக்கையறைப் பக்கத்திலும் மாட்டுங்க, வண்டி வர்றதுக்கு முன்னாடியே. எந்த வருஷ மாடலில் எந்த பெல்ட் பொருந்தும், எந்த டிஸ்க் கிட் நல்லதுன்னு அனுபவம் உள்ளவங்க கமெண்டில் போடுங்க. எவ்வளவுக்கு வாங்கலாம்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க.