காங்கேசன்துறை சீமெந்து நிலம்: வரைபடத்துக்கு முன் இரண்டு கணக்குகள்

காங்கேசன்துறை மீண்டும் பேசப்படுகிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துடனான பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. துறைமுகத்தை நவீனமாக்க 61.5 மில்லியன் டொலர் மானியம் தருவதாக இந்தியா 2024 இல் அறிவித்தது. அருகிலேயே, 1990 இல் போரோடு நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் நிலம் பாழடைந்து கிடக்கிறது. அதை வேலைத்தளங்களும் கடைகளும் குடியிருப்பும் கலந்த கரையோர நகரமாக்குவது நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் யாருக்காக, எந்த ஒழுங்கில் என்பது முக்கியம்.

இதற்கு நல்ல உதாரணம் ஜேர்மனியின் ஹம்பேர்க். கொள்கலன் கப்பல்கள் வந்தபின் பயனிழந்த பழைய துறைமுகத்தில், நீர்ப்பரப்பும் சேர்த்து 157 ஹெக்டேயரில், 2000 ஆம் ஆண்டின் திட்டப்படி வீடுகள், அலுவலகங்கள், பாடசாலை, பல்கலைக்கழகம் எல்லாம் எழுந்தன. அங்கு முதலீட்டாளர் வந்தவுடன் காணியை எழுதிக்கொடுப்பதில்லை. வடிவமைப்பை முடித்து, கட்டட அனுமதி பெற்ற பிறகே விற்பனை. வாங்கிப் பூட்டிவைத்து விலையேறக் காத்திருக்க வழியில்லை. இந்த விதி நமக்கும் பொருந்தும்.

பொருந்தாத இடமும் உண்டு. ஹம்பேர்க்கில் நிலத்தின் பெரும்பகுதி நகரத்துக்கே சொந்தம். இங்கே தொழிற்சாலையைச் சூழ்ந்திருப்பது வலிகாமம் வடக்கு. 1990 இல் வெளியேறிய மக்களின் காணிகள், போர் முடிந்த பிறகும் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் காணிக்காகக் காத்திருப்போர் இருக்கிறார்கள். புதிய நகரம் வந்தால் சுற்றுக்காணியின் விலை ஏறும். உறுதி கையிலிருந்தும் காணிக்குள் கால்வைக்க முடியாதவருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே காணி விடுவிப்பு முதலாவது கணக்கு.

இரண்டாவது, தண்ணீர். சுண்ணக்கல் இருந்ததால்தான் சீமெந்துத் தொழிற்சாலை இங்கு வந்தது. அதே சுண்ணக்கல்தான் குடாநாட்டின் நன்னீரையும் தேக்கிவைத்திருக்கிறது. வற்றாத ஆறு நமக்கு இல்லை; கிணறுதான் எல்லாம். வெடிப்பும் துவாரமும் நிறைந்த இந்தக் கல்லுக்குள் கழிவு இறங்கினால் வேலியோடு நிற்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், 2019 இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டதும் பழைய கதையல்ல. கல் அகழ்ந்த கிடங்குகள் நிலத்தடி நீருக்கு இன்னும் நெருக்கமானவை. அவற்றை நிரப்புவதா, மழைநீர் தேக்குவதா, அப்படியே விடுவதா என்பதை நீரியல் ஆய்வு சொல்லவேண்டும். ஒவ்வொரு விடுதியும் தனித்தனி மலக்குழி வெட்டுவதை அனுமதிக்கவே கூடாது. பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முதலில் வரவேண்டும்.

இந்த இரண்டுக்கும் பதில் எழுத்தில், தமிழில், பிரதேச மக்கள் முன் வைக்கப்பட்ட பிறகு முதலீட்டாளரை அழைக்கலாம். முப்பது ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்த நிலம் அதுவரை பொறுக்கும்.