பக்கிங்காம் கால்வாயைக் கரையோடு காக்க வேண்டும்

பக்கிங்காம் கால்வாய் என்ற பெயரைக் கேட்டதும் சென்னைவாசிகளுள் பெரும்பாலோர்க்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கும் நினைவுதான் வருகிறது. ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கி, பழவேற்காட்டு ஏரியை ஊடுருவி, எண்ணூரையும் சென்னையையும் கடந்து, முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு மரக்காணம் வரையில் சமுத்திர தீரத்துக்கு இணையாகச் சுமார் 420 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஒரு ஜலமார்க்கம், நகரத்துக்குள் அகப்பட்ட சுமார் 30 கிலோமீட்டரின் துர்க்கதியை வைத்தே முழுவதும் மதிப்பிடப்பட்டு, அந்த மதிப்பீட்டினாலேயே முழுவதும் கைவிடப்பட்டும் வருகிறது. அதை வெறும் வடிகால் என்று கருதுவது தவறு. தனியே பிரித்தெடுத்துத் தூர்வாரிவிட்டால் போதும் என்று கருதுவதும் தவறு. கால்வாயும், அது இணைக்கும் கழிமுகங்களும், சதுப்புகளும், உப்பளங்களும், பழைய கோட்டைகளும், கரையோரக் குடிகளும் சேர்ந்த ஒரே பிரதேசமாக அது பாதுகாக்கப்பட வேண்டும். அந்தக் காரியமும் இன்னும் உயிரோடிருக்கும் பகுதிகளிலிருந்தே தொடங்கப்பட வேண்டும். இதுவே நம்முடைய வாதம்.

19 ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், சென்னைப் பட்டணத்துக்கு விறகும் இதர சாமான்களும் சுலபமாக வந்து சேரவேண்டும் என்ற நோக்கத்துடன், பேசில் காக்ரேன் என்ற ஐரோப்பிய வர்த்தகர் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரையில் 11 மைல் நீளத்துக்கு வெட்டுவித்த உப்புநீர்க் கால்வாயே இதன் ஆதி. பின்னர் 1837 இல் கம்பெனி சர்க்கார் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. வடக்கேயும் தெற்கேயும் அது படிப்படியாக வளர்ந்தது. சென்னை நகரத்தின் மத்தியில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது, நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர் சொல்லவே அஞ்சிய 1876 - 78 ஆம் ஆண்டுகளின் கொடிய க்ஷாம காலத்தில். விளைச்சல் பொய்த்து, மாடு கன்றுகளை இழந்து, கிராமங்களைவிட்டு வெளியேறிய ஏழை ஜனங்கள், நிவாரணக் கூலியாகக் கிடைத்த அற்ப தானியத்துக்காக மண்சுமந்து வெட்டிய கால்வாய்க்கு, அப்போது ராஜதானியின் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878 இல் சூட்டப்பட்டது. கவர்னரின் பெயர் நிலைத்தது. வெட்டினவர்களுக்கு ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. ஆகையால் இந்தக் கால்வாயே அவர்களுடைய ஞாபகச்சின்னம் என்று கொள்ளுதல் நம் கடமையாகும்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் இந்தக் கால்வாய் சென்னைக்குச் சோறும் உப்பும் விறகும் கொணர்ந்து கொடுத்தது. ஸ்ரீஹரிகோட்டைத் தீவின் விறகும், கோவளம், மரக்காணம் பக்கத்து உப்பும், நெல்லும், மீனும், காய்கறியும் தோணிகளில் ஏறிவந்து நகரத்துத் துறைகளில் இறங்கின. காற்று வாய்த்தபோது பாய்விரித்தும், வாய்க்காதபோது கழியூன்றியும், அதுவும் இயலாதபோது கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுக்காரர்கள் இரவும் பகலும் உழைத்தார்கள். ஆற்று முகங்களில் நீர்மட்டத்தைக் காப்பதற்காக அமைந்த லாக்குகள் எனப்படும் இரட்டைக் கதவு மதகுகள் அக்காலத்து ஜலசாஸ்திர நிபுணத்துவத்துக்குச் சான்றானவை. மயிலாப்பூரின் தண்ணீர்த்துறை மார்க்கெட்டும், வடசென்னையின் பேசின் பாலமும் அந்தப் படகு வாழ்க்கையின் மிச்சங்களே. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோழர்களுடன் தோணியில் சென்ற பிரயாணத்தைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையாக்கி வைத்திருப்பதால், இந்த நீர்வழி நம் இலக்கியத்திலும் இடம்பெற்றுவிட்டது.

ரயிலும் லாரியும் வந்தபிறகு சரக்குப் போக்குவரத்து குறைந்ததும், 1960களிலும் 1970களிலும் அடித்த பெரும்புயல்களில் கரைகளும் மதகுகளும் சிதைந்ததும், பழுதானவற்றைச் செப்பனிட வேண்டும் என்ற சிரத்தை அதிகாரிகளுக்கு இல்லாமற்போனதும் ஒன்றையொன்று தொடர்ந்தன. படகு ஓடாத கால்வாயில் கழிவுநீர் ஓடத் தொடங்கியது. 1990களில் பறக்கும் ரயில் திட்டத்தின் தூண்களையும் நிலையங்களையும் கால்வாயின் படுகையிலும் கரையிலுமே நாட்டியபோது, நகரத்துக்குள் அது மீண்டும் ஒரு நீர்வழியாகும் வாய்ப்பை நாமே பெரிதும் குறைத்துக்கொண்டோம். ரயில் ஜனங்களுக்கு வேண்டியதே. ஆனால் நிலத்துக்கு விலைகொடுக்க வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காக நீரின் பாதையில் தூண் நடும் வழக்கத்துக்கு அது ஒரு கெட்ட முன்மாதிரி ஆயிற்று.

மனிதர் வெட்டிய இந்தக் கால்வாய் காலப்போக்கில் இயற்கையின் ஓர் அங்கமாகவே மாறிவிட்டது என்பதை நாம் நன்கு உணரவேண்டும். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு ஆகிய நதிகள் மேற்கிலிருந்து கிழக்கே வந்து கடலில் கலக்க, அவற்றை யெல்லாம் குறுக்கே வெட்டி வடக்கு தெற்காக ஓடும் கால்வாய், ஒவ்வொரு கழிமுகத்தின் வழியாகவும் கடலின் ஏற்றவற்றத்தைப் பெற்று, உப்புநீரையும் நன்னீரையும் கலந்து, பூ மாலைக்கு நார்போல இந்தக் கரையின் நீர்நிலைகளை யெல்லாம் கோத்து வைத்திருக்கிறது. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலை அடைகிறது. 2022 இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று பள்ளிக்கரணை அங்கீகரிக்கப்பட்டது; ஆனால் அதன் நீர் வெளியேறும் கால்வாய் அடைபடுமானால் அந்த அங்கீகாரத்தால் விளையும் நன்மை என்ன? தமிழ்நாட்டுப் பகுதியின் வடகோடியில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. தென்கோடியில் மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்று ஈரநிலங்களுக்கும் உள்ள உறவின் சூத்திரம் இக்கால்வாயே.

2004 ஆம் ஆண்டு சுனாமியின்போது, கரையைத் தாண்டிவந்த அலையின் நீரை இந்தக் கால்வாய் பல இடங்களில் தன்னுள் வாங்கித் தணித்து மீண்டும் கடலுக்கு வடித்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வெள்ளத்தையும் புயலையும் ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும் ஒரு கடற்கரைக்கு, எவ்விதச் செலவுமின்றி முன்னோர் விட்டுச்சென்ற இத்தகைய அரண் வேறொன்று இல்லை.

சரித்திரச் செல்வமும் இக்கரையில் குறைவில்லை. பழவேற்காட்டில் 1613 இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர்மேடாய்க் கிடந்தாலும், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் சிற்ப வேலைப்பாடுகளுடன் நிற்கிறது. சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டையொன்று கடலைப் பார்த்து நிற்கிறது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரையில், 1760 இல் ஆங்கிலேயர் தகர்த்த செங்கல் கோட்டையின் எஞ்சிய சுவர்கள் உப்பங்கழியோரத்தில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. கோட்டைகளைக் காட்டிலும் அருமையானது இக்கரை மக்களின் ஞானம். வலையுமின்றித் தூண்டிலுமின்றிச் சேற்றுநீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் இருளர்களின் கைத்திறமும், ஏரியில் எவர் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழவேற்காட்டு மீனவர்களின் ‘பாடு’ என்ற ஏற்பாடும், எந்த அரும்பொருட் காட்சிசாலையிலும் வைத்துப் பாதுகாக்க இயலாத பாரம்பரியங்கள். நீர் கெட்டால் அவை ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும்.

நீர் கெட்டுத்தான் வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் மேடாகிவிட்டன என்று அங்குள்ள மீனவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், இதே பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பரவி எண்ணூர் முகத்துவாரத்தைக் கருக்கியது. படகும் வலையும் பாழாயின. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்த இறகுகளோடு தவித்தன. எண்ணூரில் ஏற்பட்ட சேதத்துக்கு எண்ணூரில் மட்டும் பரிகாரம் தேடினால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா? ஆயினும் நிர்வாகத்தில் கால்வாயின் நீர் ஓர் இலாகாவிடமும், சதுப்பு மற்றோர் இலாகாவிடமும், மீன் வேறோர் இலாகாவிடமும், கோட்டை இன்னோர் இலாகாவிடமும், கழிவு ஒரு வாரியத்திடமும் பிரிந்துகிடக்க, இவற்றின் மொத்தத்துக்குப் பொறுப்பாளி எவரும் இல்லை.

கால்வாயைச் சீர்படுத்துகிறோம் என்று சொல்லப்படும் போதெல்லாம் முதலில் அகற்றப்படுகிறவர்கள் கரையோரக் குடிசைவாசிகள் என்பதையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. நகரத்தின் நடுவில் கூலிவேலை செய்து பிழைத்தவர்களைப் பல மைல் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியதால் அவர்களில் பலர் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் இழந்தார்கள். ஆனால் நகரத்தின் கழிவு கால்வாயில் விழுவதோ நிற்கவில்லை. கழிவுக் குழாயை மூடாமல் குடிசையைப் பிரிப்பது சீர்திருத்தம் ஆகாது. அது ஏழைகளின்மேல் சுமத்தும் அநீதி.

பிற தேசங்கள் இத்தகைய பிரச்னையை எப்படித் தீர்த்தன என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் சிகாகோவையும் இலினாய் நதியையும் இணைத்து 1848 இல் திறக்கப்பட்ட 96 மைல் நீளமுள்ள இலினாய் - மிச்சிகன் கால்வாய், 1933 இல் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டு நம்முடையதைப் போலவே பாழடைந்து கிடந்தது. 1984 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, கால்வாயை மட்டுமன்றி அதன் கரையோர ஊர்களையும், பழைய ஆலைகளையும், புல்வெளிகளையும், சதுப்புகளையும் சேர்த்து ஒரு தேசியப் பாரம்பரியப் பிரதேசமாக அறிவித்தது. அங்கு சர்க்கார் ஜனங்களின் நிலத்தைப் பறிக்கவில்லை. ஊராரும் தொழில் ஸ்தாபனங்களும் ஒரு பொதுக் குறிக்கோளின்கீழ்க் கூடுவதற்கு வழிசெய்தது. அதற்கு முன்பே, 1954 இல், வாஷிங்டன் நகரத்தை அடுத்த செசப்பீக் - ஓஹையோ கால்வாயின் மீது மோட்டார் சாலை போடலாம் என்று ஒரு பத்திரிகை தலையங்கம் எழுதியபோது, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வில்லியம் டக்ளஸ் அப்பத்திரிகை ஆசிரியர்களைத் தம்முடன் கால்வாய்க் கரையில் நடந்துவரும்படி அழைத்தார். நடந்து பார்த்தபின் பத்திரிகை தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. 1971 இல் அக்கால்வாய் தேசியச் சரித்திரப் பூங்காவாயிற்று.

நாம் செய்யவேண்டியவை இவை. தமிழ்நாட்டிலுள்ள 163 கிலோமீட்டர் கால்வாயையும் அதனோடு நீரால் இணைந்த ஈரநிலங்களையும் ஒரே பாரம்பரிய இயற்கைப் பிரதேசமாக அறிவிக்கும் சட்டமொன்றை மாநில சர்க்கார் இயற்ற வேண்டும். அதைப் பரிபாலிக்கும் ஆணையத்தில் உத்தியோகஸ்தர்களுடன் மீனவர்களும், இருளர்களும், உப்பளத் தொழிலாளர்களும், கரையோர ஊராட்சிகளும் ஓட்டுரிமையோடு அமர வேண்டும். பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், அந்த மாநிலத்துடன் உடன்படிக்கையும் வேண்டும். எண்ணூருக்கு வடக்கிலும் முட்டுக்காட்டுக்குத் தெற்கிலும் எஞ்சியிருக்கும் நல்ல பகுதிகளில் இனி ஒரு வண்டி மண்கூடக் கொட்டப்படலாகாது என்று எல்லை அளந்து, ஊர்தோறும் வரைபடம் வெளியிட வேண்டும். மிஞ்சியிருக்கும் மதகுகளையும், பழைய பாலங்களையும், படகுத் துறைகளையும் கணக்கெடுத்துப் பாதுகாக்க வேண்டும். நகரப் பகுதியில் தூர்வாரும் செலவுக்கு முன்பாகக் கழிவுநீர் விழும் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்ப வேண்டும்.

நாட்டின் அபிவிருத்திக்கு இது தடையாகுமே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான நீர்வழி 2008 இல் தேசிய நீர்வழிகளுள் ஒன்றாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டலாம். கால்வாயில் மீண்டும் படகு ஓடுவதை நாமும் விரும்புகிறோம். ஆனால் பெரிய சரக்குப் படகுகளுக்காகக் கால்வாயை ஆழமாகவும் அகலமாகவும் தோண்டினால், அந்த மண் சதுப்புகளில் குவியும். உவர்நீர் உள்ளே ஏறும். இறால் குஞ்சு வளரும் இடங்கள் அழியும். கரையோர ஊரார் தாமே நடத்தும் சிறு படகுகள், கோட்டைகளையும் பறவைத் தலங்களையும் காணவருவோரை ஏற்றிச் செல்லுமானால், இயற்கைக்கும் பிழைப்புக்கும் அதனால் பங்கமில்லை. மேலும், வெள்ளத்தை வடிக்கும் ஒரு கால்வாயை இழந்த நகரம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அடையும் நஷ்டத்தைக் கணக்கிட்டால், பாதுகாப்பே மிகச் சிக்கனமான அபிவிருத்தி என்பது விளங்கும்.

நகரத்துப் பகுதியைச் சுத்தம் செய்து முடித்தபின் மற்றவற்றைக் கவனிக்கலாம் என்று காத்திருந்தால், மற்றவையும் நகரத்துப் பகுதியைப் போலவே ஆகிவிடும். ஏனெனில் வீடுகளும் சாலைகளும் கிழக்குக் கடற்கரை நெடுகத் தெற்கே விரைந்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளுடன் பழவேற்காட்டுக்கோ ஆலம்பரைக்கோ சென்று, இந்தக் கால்வாயின் நல்ல நீரையும் அதை நம்பி வாழும் மனிதரையும் நேரில் காணுங்கள், கண்டதை உங்கள் சட்டசபை அங்கத்தினருக்கு எழுதுங்கள். கரையோர ஊராட்சிகள் கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். சர்க்காரும் இனிக் காலதாமதம் செய்யாமல், பக்கிங்காம் கால்வாய்ப் பிரதேசப் பாதுகாப்புக்கான மசோதாவை அடுத்த சட்டசபைக் கூட்டத்திலேயே கொண்டுவரட்டும்.