பிறப்பு விழாப் பாடலும் பிறநாட்டுப் பனியும்

திசம்பர்த் திங்கள் பிறந்தவுடன் நகரத்துத் துணிக்கடைகளின் ஒலிபெருக்கிகளிலும் கோவில் முற்றங்களிலும் ஒரே வகைப் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கி விடுகின்றன. வெண்பனி பொழிகின்றது, குதிரை பூட்டிய சறுக்குவண்டி ஓடுகின்றது, மணிகள் குலுங்குகின்றன. கேட்போர் நிற்பதோ தூத்துக்குடியின் உப்புக் காற்றில்! பெத்லகேமிற்கும் அவ் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று உசாவுவார் இலர்.

உசாவினால் உண்மை எளிதில் விளங்கும். 'சிங்கிள் பெல்சு' என்னும் அப் பாடல் 1857ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சேம்சு பியர்பாண்டு என்பாரால் வெளியிடப் பெற்றது. அதில் ஏசுபெருமான் பெயரும் இல்லை. அவர் பிறந்த நாளின் பெயரும் இல்லை. பனிக்காலத்தில் இளையோர் விரைவண்டி ஓட்டிக் களிக்கும் கேளிக்கைப் பாட்டு அது, அவ்வளவே. செம்மூக்குக் கலைமானோ இன்னும் கீழ். 1939இல் சிக்காகோ நகரப் பெருவணிக நிறுவனம் ஒன்று, தன் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு வழங்குதற்கென்று எழுதுவித்த கதை, பத்தாண்டு கழித்துப் பாட்டாயிற்று. கடைக்குப் பிறந்த பாட்டு கடையில் ஒலிக்கட்டும். வழிபாட்டு மன்றத்தில் அதற்கு என்ன வேலை?

இர்விங் பெர்லின் இயற்றி 1942இல் வெளிவந்த வெண்பனிப் பாட்டை அவ்வாறு தள்ளிவிட இயலாது. வெப்ப நிலத்தில் இருந்துகொண்டு தன் ஊர்ப் பனியை நினைந்து ஏங்கும் ஒருவனின் குரல் அது. போருக்குச் சென்றிருந்த அமெரிக்கப் படைஞர் அதனைக் கேட்டு உருகியதில் வியப்பில்லை, ஏக்கம் மெய்யானது. ஆனால் பனியையே கண்டறியாத நெல்லைச் சிறுவன் அதற்கு ஏங்குவதாகப் பாடும்பொழுதுதான் அது பொய்யாகின்றது.

இனி, பாராட்டத்தக்க பாடல் ஒன்றைக் காண்போம். ஆசுத்திரிய நாட்டில் சால்சாக்கு ஆற்றங்கரையில் ஒபெர்ன்டார்பு என்னும் சிற்றூர் உள்ளது. நெப்போலியப் போர்களால் நைந்து, 1816இல் ஆறே எல்லையாக்கப்பட்டு, எதிர்க்கரையிலிருந்த தாயூராகிய இலாபனிலிருந்து பிரிக்கப்பட்ட ஊர் அது. அங்கே உதவிப் பாதிரியாராக இருந்த யோசேப்பு மோர், பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைத்தாயின் மகன். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் பிரான்சு சேவியர் குரூபர், துணி நெய்வார் மகன். மோர் எழுதி வைத்திருந்த பாட்டிற்குக் குரூபர் இசையமைக்க, 1818 திசம்பர் 24ஆம் நாள் இரவில் இருவரும் கித்தார் ஒன்றுடன் அதனைப் பாடினர். (பேரிசைப்பெட்டியை எலி கடித்துவிட்டதாகச் சொல்லப்படுவது சான்றில்லாக் கதை.) அதுவே 'அமைதியான இரவு' என்று உலகம் அறிந்த பாடல்.

வழிபாட்டு மொழி இலத்தீனாக இருந்த கோவிலில், ஊர்மக்கள் பேசும் செருமன் மொழியில், அவர்கள் அறிந்த தாலாட்டு நடையில் அது பாடப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஊர்ப்பாடகர் குடும்பங்கள் நாடுதோறும் அதனைக் கொண்டு சென்றன. 1839இல் நியூயார்க்கிலும் அது ஒலித்தது. இயற்றியவர் பெயர் மறைந்து, 1854இல் குரூபரே தம் கையால் வரலாறு எழுதித்தர நேர்ந்தது. மக்கள் தம் பாட்டென்றே அதனைக் கொண்டுவிட்டமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப் பாடலைத் தமிழில் பெயர்த்துப் பாடுவோர் மோரின் பாட்டை எடுத்துக்கொண்டனர். மோரின் செய்கையை எடுத்துக்கொண்டிலர். தமிழில் தாலாட்டிற்குப் பஞ்சமா?

பெயர்ப்புப் பாடல்களின் குறை சொல்லளவில் நிற்பதன்று. ஆங்கிலமும் செருமனும் அசையழுத்தத்தால் நடக்கும் மொழிகள். தமிழ் குறில் நெடில் அளவால் நடப்பது. அயல்மெட்டு நீளும் இடத்தில் நம் குறில் நீண்டாக வேண்டும். விரையும் இடத்தில் நெடில் குறுகியாக வேண்டும். 'விண்' நீண்டால் 'வீண்' ஆகும். 'பாலன்' குறுகினால் 'பலன்' ஆவான். எதுகையும் மோனையும் இருக்குமிடம் தெரியாமற் போகும். பாடுவோர் பொருளை விட்டு மெட்டைப் பிடித்துக்கொள்வர். கேட்போர் இரண்டையும் விட்டுவிடுவர்.

இதற்கு மாற்றுத் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் 1864இல் மறைந்த வேதநாயக சாத்திரியார், சுவார்ட்சு பாதிரியாரிடம் கற்றவர்; ஆயினும் ஐரோப்பிய மெட்டிற்குச் சொல்லடுக்காமல் தமிழர் அறிந்த பண்ணிலும் தாளத்திலும் பாடினார். குற்றாலத்துக் குறத்தியைப் பெத்லகேமிற்கே அழைத்துச் சென்று குறி சொல்ல வைத்த துணிவு 'பெத்லகேம் குறவஞ்சி'. எடுப்பும் தொடுப்பும் முடிப்புமாய் அமைந்த அவர் பாடல்கள் 1853இல் மதுரையில் எட்வர்டு வெப் என்னும் அமெரிக்கத் தொண்டர் வெளியிட்ட தொகுப்பிலும் இடம்பெற்றன. ஓரெழுத்தும் படிக்கவறியாத முதியோர் அவர் பாடல்களை நெஞ்சில் வைத்துப் பாடக் கரணியம் அந்த அமைப்பே.

அவரிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. வடசொல் அவர் பாடல்களில் அளவின்றிக் கலந்துள்ளது. நல்ல தமிழ்ச்சொல் கைக்கெட்டும் இடத்திலும் அதனை விட்டு அயற்சொல்லை நாடுகின்றார். சாதி வேற்றுமையை ஒழிக்கத் தஞ்சைத் திருச்சபையில் புதிய தொண்டர்கள் முற்பட்டபோது எதிர்நின்று எழுதியது அதனினும் பெரிய குறை. மாட்டுத்தொழுவிற் பிறந்தவரைப் பாடிய வாய்க்கு அது அழகன்று. இவற்றைத் தள்ளி, அவர் காட்டிய இசைநெறியைக் கொள்வதே தக்கது.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்திற்குப் பின் கத்தோலிக்கக் கோவில்களிலும் தாய்மொழிக்கு வழி திறந்தது. உடுக்கையும் பறையும்கூடச் சில இடங்களில் உள்ளே வந்தன. ஆனால் இலத்தீன் எழுந்து சென்ற இருக்கையில், நகரத்துக் கோவில்கள் பலவற்றில், ஆங்கிலம் வந்து அமர்ந்து கொண்டது. திசம்பர் இரவுகளில் வீடுதோறும் பாடிச் செல்லும் நம் இளைஞர், தாய்மார் வாசலில் வந்து நிற்கும்போதேனும் சறுக்குவண்டியை விட்டிறங்கித் தமிழில் ஒரு தாலாட்டுப் பாடட்டும்.