சாலையும் வலையும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், தேங்காய்ப்பட்டணக் கடற்கரைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் புதுக்கடை. அதன் அருகே முன்சிறை. முன்சிறையை அடுத்துப் பார்த்திவபுரம். இன்று அவ்வழியே பேருந்தில் செல்வோர் கண்ணுக்குத் தென்னையும் வாழையும் ரப்பர்த் தோட்டமுமே புலப்படும். ஆங்கே ஒரு காலத்தில் பெருங்கல்விச்சாலை ஒன்று திகழ்ந்தது என்பதைச் செப்பேடு ஒன்று காத்து வைத்திருக்கின்றது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், 866ஆம் ஆண்டில், முன்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றிப் பெற்று, அங்குத் திருமாலுக்குக் கோயில் எடுப்பித்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, 95 மாணாக்கர் பயிலச் சாலை ஒன்றும் நிறுவினான். சட்டர் என்பது அம்மாணாக்கர்க்கு வழங்கிய பெயர்.

காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைத் தழுவி இச்சாலைக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. உள்ளே புக விரும்புவோர் இலக்கணமும் மீமாம்சையும் அறிந்திருத்தல் வேண்டும். கூட்டம் கூடும் இடத்திற்குப் படைக்கலம் கொண்டு வரலாகாது. பூசல் விளைத்தவர் தண்டம் இறுத்தல் வேண்டும். 95 இடங்களும் வேதப் பிரிவுகளின்படி 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டிருந்தன. அதாவது, அச்சாலையைச் சூழ்ந்த வயல்களில் உழுது நெல் விளைவித்தவரின் மக்களுக்கு அதில் இடமில்லை. விதிகள் நல்லனவாயினும் வாயில் மிகக் குறுகியது. கல்விக்கூடத்திற்கு வாயில் காப்போன் ஒருவன் இருத்தல் குற்றமன்று. அவன் யாரைத் தடுக்கின்றான், எதன் பொருட்டுத் தடுக்கின்றான் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அக்கேள்வி பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. இன்றைய பல்கலைக்கழகத்திற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, கல்லாலும் இரும்பாலும் ஆனது. அது யாவர் கண்ணுக்கும் தெரியும். மற்றொன்று காற்றில் அமைந்தது, கண்ணுக்குப் புலனாகாதது. வைஃபை என்று யாவரும் வழங்கும் கம்பியில்லா வலையே அது. நூலகத்தின் ஆய்விதழ்களும், ஆசிரியர் அனுப்பும் பாடக் குறிப்புகளும், தேர்வு விண்ணப்பமும், மதிப்பெண் பட்டியலும் இந்நாளில் பெரும்பாலும் இவ்விரண்டாம் வாயில் வழியாகவே வருகின்றன. முதல் வாயிலில் நுழைந்த மாணவி, இரண்டாம் வாயிலில் தடுக்கப்பட்டால், அவள் பாதி மாணவியே.

புதுக்கடையிலிருந்து உயர்கல்வி பயிலச் சென்ற பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. அவளிடம் உள்ளது ஒரு கைப்பேசி. அதுவும் தவணை முறையில் வாங்கியது. உடன் பயில்வோர் சிலரிடம் மடிக்கணினியும், மாதந்தோறும் பணம் கட்டிப் பெறும் இணைய இணைப்பும் உண்டு. பல்கலைக்கழகம், “எம் ஆய்வகத்துக் கணினிகளை மட்டுமே எம் வலையில் இணைப்போம், மாணாக்கர் கொணரும் கருவிகளுக்கு இடமில்லை” என்று கூறுமாயின், அந்த விதி யாவர்க்கும் ஒன்றே போலத் தோன்றும். ஆயின் அதன் சுமை அப்பெண்ணின் தலைமேல் மட்டுமே இறங்கும். பொருளுடையார் தம் பையிலிருந்து வேறு வழியைக் காண்பர். அவளுக்கு வேறு வழியில்லை.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை, நாளொன்றுக்கு 2 ஜிபி அளவு இணையம் தரும் அட்டைகளைக் கல்லூரி மாணாக்கர் ஏறத்தாழ 9.69 இலட்சம் பேர்க்கு அளிக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயினும் நான்கு திங்கள் கழிந்தபின் அட்டை ஓய்ந்துவிடும். கல்விக்கூடத்தின் வலையோ ஓயாதது. கருவியைக் கையில் தந்து வலையை அடைத்து வைத்தல், வாளியும் கயிறும் கொடுத்துக் கிணற்றைப் பூட்டி வைப்பதை ஒக்கும்.

கம்பியின்றிக் கணினிகள் பேசும் முறையை உலகிற்குக் காட்டியதும் ஒரு பல்கலைக்கழகமே. பசிபிக் மாகடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் அமைந்த ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில், நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் 1971ஆம் ஆண்டில் வானொலி அலை வழியாகக் கணினியை எட்டச் செய்தனர். அதற்கு அலோஹா வலை என்று பெயர். யாவரும் ஒரே அலைவரிசையில் பேசுவர். இருவர் ஒரே கணத்தில் பேசினால் இரண்டு செய்தியும் மோதிக் கெடும். கெட்டதென்று அறிந்தவர் சிறிது பொறுத்து மீண்டும் பேசுவர். பொறுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுதலால் மோதல் குறையும். பின்னர், 1997இல் இன்றைய வைஃபை முறைக்குரிய பொதுவிதி வெளிவந்தது. இந்தியாவில் அதற்குரிய 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005இல் இசைவு கிடைத்தது.

காற்று பொதுவாயினமையால் அதைப் பகிர்தலிலும் முறை வேண்டும். நாஞ்சில் நாட்டு உழவர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. மேல்மடையில் உள்ளவர் நீரை முழுதும் திருப்பிக்கொண்டால் கடைமடை வயல் காயும். விடுதியில் நால்வர் ஓயாது திரைப்படங்களை இறக்கிக்கொண்டிருப்பின், ஐந்தாமவள் தன் தேர்வு விண்ணப்பத்தை அனுப்ப முடியாது தவிப்பாள். ஆகவே ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வகுப்பது முறையே. மடைக்கு முறை வைத்தல் வேறு. மடையையே அடைத்தல் வேறு.

இனி, வாயிலின் பூட்டைக் காண வேண்டும். கல்விக்கூடங்கள் சிலவற்றில் அனைவர்க்கும் ஒரே கடவுச்சொல் தரப்படுகின்றது. சுவரில் எழுதி ஒட்டாத குறைதான்! அச்சொல் ஒரு வாரத்தில் தேநீர்க் கடை வரை சென்று சேர்ந்துவிடும். அதனை மாற்றினால் எல்லோருடைய கருவியிலும் மாற்ற வேண்டும். ஆதலால் யாரும் மாற்றுவதில்லை. இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. பழைய முறையிலான பொதுக் கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், கருவி வலையிற் சேரும் தறுவாயில் நிகழும் உரையாடலைப் பிடித்து வைத்துக்கொண்டால், அக்காற்றில் செல்லும் பிறர் செய்தியின் மேலுறையைப் பிரித்துவிடலாம். வங்கி முதலியவற்றின் தளங்கள் தமக்கெனத் தனிப்பூட்டு உடையன என்பது உண்மையே. எனினும் வீட்டின் உள்ளறைக்குப் பூட்டு இருக்கின்றது என்று தெருக்கதவைத் திறந்து போடுவார் உண்டோ?

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்பதே நன்முறை. அம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்திறவுகோல் அமைகின்றது. கைப்பேசி தொலைந்தால் அவ்வொன்றின் நுழைவை மட்டும் நீக்கலாம். படிப்பை முடித்துச் சென்றவரின் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். வாயில் காப்போன், “உன் கருவி எவ்வளவு விலை?” என்று கேட்பதில்லை; “நீ எம் மாணாக்கர்தாமா?” என்று மட்டுமே கேட்கின்றான். பார்த்திவசேகரபுரத்தில் பிறப்பு நோக்கித் திறந்த வாயில், இங்கே பெயர்ப் பதிவு நோக்கித் திறக்கின்றது.

இவ்வளவு ஒழுங்கையும் ஒரு நொடியில் குலைக்க வல்லவர் மாணாக்கரே. “உன் கடவுச்சொல்லைக் கொஞ்சம் கொடு” என்று நண்பர் கேட்பார். மறுப்பது நட்புக்கு இழுக்கு என்று எண்ணி மாணவர் கொடுத்துவிடுவார். நண்பர் மற்றொரு நண்பர்க்குக் கொடுப்பார். மூன்றாம் கை சென்றபின் அச்சொல்லைக் கொண்டு ஒருவர் பிறர் மீது அவதூறு எழுதினாலும், பணமோசடி செய்தாலும், பதிவேட்டில் நிற்கும் பெயர் முதலில் கொடுத்தவருடையதே. 2022 ஏப்பிரலில் நடுவணரசின் கணினி அவசரநிலைக் குழு பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றது. தாம் செய்யாத குற்றத்திற்கு விடை சொல்ல நேர்ந்த மாணவர், “நட்பினால் கொடுத்தேன்” என்றால் யார் ஏற்பர்? பசித்த நண்பர்க்குச் சோற்றைப் பகிரலாம். தேர்வுக்கூடத்தில் தம் பெயரில் பிறரை அமர்த்தலாமோ? நண்பர்க்கு வலை வேண்டுமாயின், அவர் பெயரில் நுழைவு கேட்டுப் பெற்றுத் தருவதே உதவி.

பல்கலைக்கழகத்தின் கடமையோ இதனினும் பெரிது. “வலையைத் திறந்துவிட்டால் மாணாக்கர் கெட்டுப்போவர், இரவில் அடைத்து வைப்பதே நலம்” என்று கருதும் பெரியோர் உளர். அவர்தம் அக்கறையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அடைப்பதனால் விளைவது யாது? பணங்கொடுத்து இணைப்பு வாங்கியவர் இரவெல்லாம் விழித்துக் காண்பதைக் காண்பர். பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் மட்டும் நூலைத் திறக்க வழியின்றி இருப்பாள். ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறும் அடைப்பு, வறுமையை மட்டும் தண்டித்து ஒழிகின்றது. கோழிக்கோட்டு மாவட்டத்தில், விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்ற விதிக்கு இசையாத மாணவி ஒருவர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனிமறை உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்க்கப் பணித்தது.

தனிமறை என்பதும் சிறிது நின்று நோக்கத்தக்கது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதனை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக உரைத்தனர். யார், எப்பொழுது, எக்கருவியோடு நுழைந்தார் என்று குறித்து வைப்பது வாயில் காப்போன் வேலை. உள்ளே சென்றவர் எந்நூலை எடுத்துப் படிக்கின்றார் என்று தோள்வழியே எட்டிப் பார்ப்பது அவன் வேலையன்று. சில இடங்களில், “எம் செயலியை உம் கைப்பேசியில் ஏற்றினால் தான் வலை தருவோம்” என்று வற்புறுத்தி, வேண்டாத இசைவுகளையும் கேட்டு வாங்குவர். இஃது ஏற்கத்தக்கதன்று.

மற்றொன்று, மொழி. ஏமாற்றுவோர் பல்கலைக்கழக வலையின் பெயரையே சூட்டிப் போலி வாயில் ஒன்றை அமைத்தல் கூடும். அதனை இனங்காணவே கருவி முதன்முறை இணையும்பொழுது ஒரு சான்றிதழைக் காட்டி, “நம்பலாமா?” என்று கேட்கின்றது. அவ்வினா ஆங்கிலத்தில் இருக்கும். பொருள் விளங்காத மாணவி, வேலை முடிந்தால் போதும் என்று “ஆம்” என்பதை அழுத்துவாள்; கடவுச்சொல் கள்வன் கையில் சேரும். சான்றிதழில் எப்பெயர் இருத்தல் வேண்டும், எது கண்டால் நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு முதல் நாளே கொடுக்க எவ்வளவு செலவாகும்? புதுக்கடை மண் இதனைக் கேட்க உரிமை உடையது. தமிழர் வாழும் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியோர் மீது 1954 ஆகஸ்டு 11 அன்று அவ்வூரிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அவ்வாறு பெற்ற தமிழ், கல்விக்கூடத்தின் வாயிலில் நின்று வழிகாட்டவும் பயன்படுதல் வேண்டும்.

தம் மாணாக்கரை மட்டுமன்றி, விருந்தினராக வரும் பிறகூடத்து மாணாக்கரையும் ஏற்கும் முறையொன்று உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா 2002இல் இக்கருத்தை முன்வைத்தார். நெதர்லாந்து, பின்லாந்து, போர்ச்சுகல், குரோவேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் ஐந்து நிறுவனங்கள் முதலில் சோதித்துப் பார்த்தன. எடுரோம் என்னும் பெயரோடு அது இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கின்றது. இந்தியாவில் எர்நெட் நிறுவனம் அதனை நடத்துகின்றது. அயலூர்க் கல்விக்கூடத்தில் மாணவி தன் பெயரைத் தந்தவுடன், அக்கூடம் அதனைத் தானே ஆராய்வதில்லை. அவளுடைய தாய்க்கூடத்திற்கு அனுப்பிக் கேட்கின்றது. கடவுச்சொல் முத்திரையிட்ட ஓலைபோல் இடையில் எவரும் படிக்க இயலாதவாறு செல்கின்றது. “ஆம், இவள் எம் மாணவியே” என்று தாய்க்கூடம் விடை தந்ததும் கதவு திறக்கின்றது.

புதுக்கடைப் பெண் ஒருநாள் ஆய்வின் பொருட்டு ஐரோப்பிய நகர் ஒன்றிற் சென்று இறங்கலாம். அங்கே அவளை அறிந்தவர் யாரும் இரார். அந்நாட்டு மொழியும் தெரியாது. பையில் உள்ள பழைய கைப்பேசி மட்டும் தன் ஊர்க் கல்விக்கூடத்தின் பெயரைச் சொல்லி உள்ளே சென்று, வந்து சேர்ந்த செய்தியைத் தந்தைக்கு அனுப்பிவிடும். அதற்கு அவள் பயின்ற கூடம் முன்னமே அக்கூட்டமைப்பில் சேர்ந்து, அவள் பெயரையும் தன் ஏட்டில் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.