பாலாற்றங்கரைக்குக் க்ரோபோட்கின் எதற்கு?

பிப்ரவரி 8 ரஷ்ய அரசின்மைவாதச் சிந்தனையாளர் பீட்டர் க்ரோபோட்கினின் நினைவு நாள். 1921இல், மாஸ்கோவுக்கு வடக்கே டிமித்ரோவ் என்னும் சிற்றூரில், பசியும் பனியும் வாட்டிய ஒரு குளிர்காலத்தில் அவர் இறந்தார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறோம் என்றது லெனினின் அரசு. குடும்பத்தாரும் தோழர்களும் வேண்டாம் என்றார்கள். சிறையிலிருந்த அரசின்மைவாதிகள் சிலர் அந்த ஒரு நாளுக்கு வெளியே விடப்பட்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். மாஸ்கோ தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் வாழும் நமக்கு அவர் எதற்கு? மனிதர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றே பிழைத்து வந்திருக்கிறார்கள் என்று சொன்னவர் அவர். அதோடு நிற்காமல், அந்தத் துணையின் வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்றும் கேட்டார். தோலும் தண்ணீரும் சேர்ந்து வாழ்வாகிப்போன இந்த வட்டாரம் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

1842இல் மாஸ்கோவில் இளவரசர் குலத்தில் பிறந்தவர் க்ரோபோட்கின். தந்தைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள். பன்னிரண்டு வயதிலேயே இளவரசர் பட்டத்தைப் பெயரோடு சேர்ப்பதை விட்டார். அரண்மனைப் பள்ளியில் படித்து ஜார் மன்னரின் அணுக்கச் சேவகராக இருந்தவர், 1862இல் விரும்பிய படைப்பிரிவைத் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது சைபீரியாவைக் கேட்டு வாங்கிப் போனார். அங்கே டார்வின் சொன்ன வாழ்க்கைப் போராட்டத்தைத் தேடினார். ஒரே இனத்துக்குள் நடக்கும் கொடும் போட்டியை அவரால் அதிகம் காண முடியவில்லை. பெரும்பனி வருமுன் ஆமூர் ஆற்றைக் கடக்க, பரந்த நிலப்பரப்பெங்குமிருந்து ஆயிரக்கணக்கான மான்கள் ஆறு குறுகலான ஓரிடத்தில் கூடியதைக் கண்டார். 1888இல் ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லி இயற்கையை ஓயாத சண்டைக் களமாகச் சித்திரித்து எழுதியபோது, அதற்கு மறுப்பாகத் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1902இல் ‘பரஸ்பர உதவி’ நூலானவை அவைதாம்.

அவரை அரசின்மைவாதியாக்கியது நூலகம் அல்ல, ஒரு தொழிற்பகுதி. 1872இல் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் கடிகாரத் தொழிலாளர்களிடையே ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார். அவர்கள் வீட்டிலும் சிறு பட்டறைகளிலும் வேலை செய்தார்கள். வேலை செய்தபடியே பேசினார்கள், வாதாடினார்கள். தலைவர் சொல்லைத் தலையில் சுமக்காமல் எதையும் தாமே சிந்தித்து முடிவெடுத்தார்கள். அந்த மலையிலிருந்து இறங்கும்போது தம் கொள்கை முடிவாகிவிட்டது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். பிறகு 1874இல் கைது, பீட்டர்–பால் கோட்டைச் சிறை, 1876இல் ராணுவ மருத்துவமனையிலிருந்து பட்டப்பகலில் தப்பியோட்டம், பிரான்சில் மூன்றாண்டுச் சிறை, முப்பதாண்டு இங்கிலாந்து வாசம்.

ஜூராவை வைத்து ஆம்பூரைப் பார்ப்போம். இங்கும் வீட்டிலிருந்தே வேலை நடக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒரு பக்கம். வெட்டிய தோல் துண்டுகளை ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்க, வாசற்படியில் உட்கார்ந்து கையூசியால் ஷூவின் மேற்பாகமான அப்பர் தைக்கும் பெண்கள் இன்னொரு பக்கம். தடித்த தோலில் ஊசியை ஏற்றி நூலை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போகும். முதுகு பிடித்துக்கொள்ளும். கூலி ஜோடிக் கணக்கு. இவர்களும் வேலை செய்துகொண்டே பேசுகிறார்கள். ஆனால் அந்த ஷூ எந்த நாட்டில், என்ன விலைக்கு விற்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. கூலியை யார் முடிவு செய்கிறார்கள் என்றும் தெரியாது. ஜூராவின் தொழிலாளிக்குக் கைத்திறனோடு ஒரு கூட்டமைப்பும் இருந்தது. நம் பெண்களுக்குக் கைத்திறன் மட்டும்தான் இருக்கிறது. வீடுகளில் சிதறிக்கிடப்பதாலேயே கூலி உயராமல் நிற்கிறது. சிறு தொழிலும் வீட்டுத் தொழிலும் நல்லவை என்று க்ரோபோட்கினைக் காட்டிச் சொல்வோர் இதை மறக்கக் கூடாது. சிறு தொழிலை அவர் ஆதரித்தது, உழைப்பவர் கையில் முடிவு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

அவருடைய நூலில் இடைக்கால ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய பகுதியை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். கைவினைச் சங்கங்கள் ஒன்றையொன்று தாங்கி எழுப்பிய அந்த நகரங்களை அவர் மனமாரப் போற்றுகிறார். பிறகு அவை ஏன் வீழ்ந்தன என்று கேட்கிறார். வணிகத்தையும் தொழிலையும் மட்டும் நம்பி, உழவைப் புறக்கணித்து, சுற்றியிருந்த கிராமத்தானைச் சுவருக்கு வெளியே நிறுத்தியதுதான் அவை செய்த பெரும்பிழை என்கிறார்.

பாலாற்றின் கதையும் இதுவே. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தொழில், அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்த பின் குரோமியத்துக்கு வேகமாக மாறியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். உப்பும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் ஏரிக்கும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போனது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாக 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேர்பிடித்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

முதலாளிகளிடையே ஒத்துழைப்பு இல்லாமல் இல்லை. தனித்தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யவே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை உருவாக்கினார்கள். பங்குகளும் பொறுப்புகளும் தோல் ஆலைகளுக்குள்ளேயே அமைந்தன. கிணறு கெட்ட உழவருக்கும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும் தொழிலாளிக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களில் ஒருவருக்கு இருந்திருந்தால் என்ற எண்ணம் எங்களை விட்டுப் போகவில்லை.

பழைய கிராமத்தைப் பொற்காலமாக்கவும் நாங்கள் தயாராக இல்லை. கலவை, ஆற்காடு, காவேரிப்பாக்கம் பக்கத்து ஏரிப் பாசனத்தில் குடிமராமத்தும் முறைத் தண்ணீரும் இருந்தன. ஊரே கூடிக் கரையைக் காத்தது உண்மை. ஆனால் மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். பாய்ச்சிய நிலம் பெரும்பாலும் அவருடையதல்ல. ஊர்ச் சாவடியில் அவருக்கு இடமில்லை. அதே சேரியிலிருந்து வந்தவர்கள்தான் பின்னாளில் பச்சைத் தோலைச் சுமந்தார்கள். சாதியைத் தொடாத ஒத்துழைப்பு இந்த மண்ணில் பாதி ஒத்துழைப்பே.

க்ரோபோட்கினைக் கொண்டாடுவதென்றால் அரசே வேண்டாம் என்பதா, 1996 தீர்ப்பைத் தந்ததே அரசின் ஓர் அங்கம்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தீர்ப்பு எங்களுக்குப் பெருஞ்சொத்து. ஆனால் 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருக, தோல் ஆலைகளிடமிருந்து வசூலிக்க, ஆற்றை மீட்கக் குழு அமைக்க என்று மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. உத்தரவு மேலிருந்து வருகிறது. அதை நாள்தோறும் காவல் காக்கும் கண் கீழே இல்லை. 1920இல் லெனினுக்கு எழுதிய கடிதத்தில் க்ரோபோட்கின் எச்சரித்தது இதைத்தான்: அந்தந்த இடத்து மக்களின் முயற்சியும் அறிவும் இல்லாமல், கட்சிக் குழுக்களின் கட்டளையால் புதுவாழ்வு கட்ட முடியாது.

அந்த எச்சரிக்கையைத் தன் வாழ்க்கையிலேயே கண்ட தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. 1887இல் சென்னையில் பிறந்து, பாரதியின் ‘இந்தியா’ இதழோடு நின்று, புதுச்சேரி, லண்டன், பெர்லின், காபூல் என்று அலைந்த எம். பி. டி. ஆச்சார்யா. 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர். அடுத்த ஆண்டே அதிலிருந்து விலக்கப்பட்டு, 1922 டிசம்பரில் பெர்லினில் கூடிய அரசின்மைவாதத் தொழிற்சங்க மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1935இல் நாடு திரும்பி, 1954இல் பம்பாயில் வறுமையில் இறக்கும்வரை அந்தக் கொள்கையையே எழுதினார். நம் சிற்றிதழ்கள் அவருக்கு இன்னும் கடன் தீர்க்கவில்லை.

எங்கள் கோரிக்கை மூன்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நிர்வாகத்தில் ஆற்றோர உழவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தமிழில் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டும். வீட்டில் அப்பர் தைக்கும் பெண்கள் தங்கள் சங்கத்தைத் தாங்களே கட்ட, இங்குள்ள தொழிற்சங்கங்கள் தோள்கொடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் அரசாணை தேவைப்படலாம். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு தெருவில் தைக்கும் பெண்கள் தங்கள் ஜோடிக் கூலியை ஒருவருக்கொருவர் சொல்லி ஒரே கணக்காக எழுதி வைத்தாலே அது தொடங்கிவிடும். அந்தக் கணக்கை வெளியிட இந்த இதழின் பக்கங்கள் திறந்திருக்கின்றன.