நிழலும் நடைபாதையும் தெருவுக்கும் வேண்டும்

குமணன்சாவடியில் மாலையில் பேருந்தைவிட்டு இறங்கினால், வீடு சேர்வதற்குள் அன்றைய தேவைகள் அனைத்தையும் வாங்கிவிடலாம். முழம் போட்டுத் தரும் மல்லிகை, கூறு வைத்த தக்காளி, தள்ளுவண்டிக் கொய்யா என எல்லாம் பத்தடி தூரத்துக்குள் கிடைக்கும். சில்லறை இல்லையென்றால், "நாளைக்குக் கொடுங்க" என்பார் பூக்கார அம்மா. எந்த வணிக வளாகத்திலும் இந்தக் கடன் கிடையாது.

ஆனால், அதே இடத்தில் வயதானவர் ஒருவர் சாலையைக் கடப்பதற்குள் நமக்கே மூச்சு நின்றுவிடுகிறது. பகல் முழுவதும் அங்கே அமர்ந்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை ஒரு தீராத கவலை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, 1992-இல் திறக்கப்பட்ட 'மால் ஆஃப் அமெரிக்கா'வுக்குச் சென்றேன். என்னைக் கவர்ந்தவை கடைகள் அல்ல. வெளியே பனி உறைந்துகிடக்க, உள்ளே முதியவர்கள் நிம்மதியாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தனர். சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் யாருடைய உதவியுமின்றி வலம் வந்தார்.

அதற்கு அருகிலுள்ள எடினா நகரில்தான், 1956-இல், முழுவதும் மூடப்பட்ட, குளிரூட்டப்பட்ட வளாகமான சவுத்டேல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூயன். வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி சூழ்ந்த ஒரு நகர மையத்தையே அவர் கற்பனை செய்தார். எழுந்ததோ வளாகமும் அதைச் சுற்றிய கார் நிறுத்துமிடமும்தான். இத்தகைய வளாகங்கள் பெருகப் பெருகப் பல நகரங்களின் மையக் கடைவீதிகள் களையிழந்தன. குரூயனே பிற்காலத்தில் வணிக வளாகங்களைக் கடுமையாகச் சாடினார். பின்னர் இணைய வணிகம் வந்தபோது பல வளாகங்களும் மூடப்பட்டன. இழந்த கடைவீதிகளை மீட்க அந்நகரங்கள் இன்று பெரும் பொருள் செலவிடுகின்றன.

சென்னையிலும் எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010), வேளச்சேரி ஃபீனிக்ஸ் (2013), அண்ணா நகர் வி.ஆர். மால் (2018) என வளாகங்கள் பெருகியுள்ளன. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மக்கள் அங்கே செல்வது பொருள் வாங்க மட்டுமல்ல. நிழல், சமதளமான நடைபாதை, தூய்மையான கழிப்பறை ஆகியவற்றுக்காகவும்தான். இவை காசுள்ளவர்களுக்கு மட்டும் உரிய வசதிகளா என்பதே கேள்வி.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ வழித்தடம் குமணன்சாவடி வழியாகவே செல்கிறது. மெட்ரோ வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும், நடமாட்டம் பெருகும். அப்போது 'நெரிசல்' என்ற காரணத்தைக் காட்டி முதலில் அகற்றப்படுபவை தள்ளுவண்டிகளாகவே இருக்கும் என்பது நாம் பலமுறை கண்ட அனுபவம்.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி கூறுகிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் அக்கறைதான் தேவை.

நிலைய வாயில்களை ஒட்டி விற்பனைக்கென இடம் ஒதுக்குவதும், அகலமான நடைபாதையும் கழிப்பறையும் குடிநீரும் அமைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. 2019-இல் பாண்டி பஜாரில் விரிந்த நடைபாதை, சென்னைத் தெருவிலும் நிம்மதியாக நடக்க முடியும் என்று காட்டியது. தியாகராய நகருக்குக் கிடைத்தது புறநகருக்கும் கிடைக்க வேண்டும்.

கடைவீதியை இழந்த பிறகு அதன் அருமையை உணர்ந்தது அமெரிக்கா. நம்மிடம் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மெட்ரோவில் வந்திறங்கும் பயணி, அதே பூக்கார அம்மாவிடம் பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அதுவே இந்தப் பகுதியின் உண்மையான வளர்ச்சியாக இருக்கும்.